கமலாவுக்கு எவ்வளவு சிரமம்?

ஜூன் 3

இந்த நோட்டைத் திலகா வாங்கிவந்தாள். அலுவலகக் கதையைத் தினமும் சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டதாம். "இதுல எழுதிடுங்க, நான் வேணும்னா படிச்சுக்கிறேன்" என்றாள். படிக்க மாட்டாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் நான் எழுதிய ஓர் அறிக்கையைக்கூட அவள் பிரித்துப் பார்த்ததில்லை.

முறைப்படி தொடங்குகிறேன். பெயர் ஞானசம்பந்தம். புள்ளியியல் துறையில் அரசு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது தரமணியில் ஓர் ஆய்வு மையத்தில் ஒப்பந்த வேலை. வீடு ஆதம்பாக்கத்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. ஐந்து நாடுகளின் மனித வளர்ச்சியை அளந்து ஒப்பிடும் ஆய்வில் நம் நாட்டுக் கேள்வித்தாள் என் பொறுப்பு.

ஒரு நாடு எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதற்கு உலகம் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. மக்கள் எத்தனை வயதுவரை வாழ்கிறார்கள், எத்தனை வருஷம் படிக்கிறார்கள், தலைக்கு என்ன வருமானம். மூன்றையும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே கொண்டுவந்து, பெருக்கி, கனமூலம் எடுத்தால் நாடு ஒரு தசம எண்ணாகிவிடும். எனக்கு இதில் அழகு தெரிகிறது. இத்தனை கோடிப் பேர் போடுகிற கூச்சல் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கத்தில் அடங்கிவிடுகிறதே.

எங்கள் ஆய்வு நான்காவதாக ஒன்றைச் சேர்க்கப் பார்க்கிறது. மக்கள் தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே என்ன சொல்கிறார்கள் என்பது. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஜூன் 5

வம்பு என்னவென்றால், "நடமாடுவதில் உங்களுக்கு எவ்வளவு சிரமம்?" என்று கேட்டால் ஓர் ஊரில் முட்டி தேய்ந்து போனவர் "கொஞ்சம்" என்பார். இன்னோர் ஊரில் கால் சுளுக்கியவர் "மிக அதிகம்" என்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்த நாடு ஆரோக்கியம் என்று சொன்னால் அது சிரிப்புக்கிடம்.

இதற்கு ஒரு வழி உண்டு. ஒரே கதையை எல்லா நாட்டிலும் சொல்வது. கதையில் வருகிறவர் கற்பனை மனிதர். அவருக்கு எவ்வளவு சிரமம் என்று மதிப்பிடச் சொல்வது. அதே கதைக்கு ஒரு நாடு "கொஞ்சம்" என்றும் இன்னொரு நாடு "அதிகம்" என்றும் சொன்னால், யாருடைய அளவுகோல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு அவர்கள் தங்களைப் பற்றிச் சொன்ன பதிலைத் திருத்திக்கொள்ளலாம். கடைக்காரரின் எடைக்கல்லைச் சோதிக்க முத்திரைக் கல்லை எதிர்த்தட்டில் வைப்பார்களே, அது மாதிரி.

நடமாட்டம் பற்றிய கதையை எழுதும் வேலை என்னிடம் வந்தது. பெயருக்கு விதி உண்டு. பெண்களிடம் சொல்லும்போது பெண் பெயர், ஆண்களிடம் ஆண் பெயர். கதை ஒன்றுதான். கமலா என்றும் சேகர் என்றும் வைத்தேன்.

"கமலா கடைத்தெருவுக்கு நடந்து போய்வருவார். வழியில் நின்று நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். மாடிப்படி ஏறி வந்ததும் சற்று நேரம் அவரால் பேச முடியாது. மாலையில் பாதம் வீங்கிவிடும். தலைக்கு இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம் வரும். வீட்டு வேலைகளை அவரே செய்துகொள்கிறார். நடமாடுவதில் கமலாவுக்கு எவ்வளவு சிரமம்? சிரமமே இல்லை, கொஞ்சம், நடுத்தரம், அதிகம், மிக அதிகம்."

உட்கார்ந்த மாத்திரத்தில் வந்துவிட்டது. ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. எனக்குக் கற்பனை வராது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிட்டார்கள். அந்த வாத்தியார் இன்று இருந்திருக்க வேண்டும்.

பால் திரிந்துவிட்டது. கடுங்காப்பி.

ஜூன் 6

கேள்வியை வெளியே அனுப்பும் முன் யாரிடமாவது வாசித்துப் பார்ப்பது வழக்கம். கையருகே திலகா இருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் சமையல் பாதி உட்கார்ந்தபடிதான் நடக்கிறது.

முதலில் அவளைப் பற்றிக் கேட்டேன். "எனக்கென்ன, சிரமமே இல்ல" என்றாள். பிறகு கமலாவின் கதையை வாசித்தேன். கத்தி ஒரு நிமிஷம் நின்றது. என்னைப் பார்த்தாள். கேள்வி புரியவில்லையோ என்று இன்னொரு தரம் நிதானமாக வாசித்தேன்.

"இதுக்கும் சிரமமே இல்லன்னு போட்டுக்குங்க" என்றாள். "கடைக்குப் போயிட்டு வந்துடுறா, வீட்டு வேலையும் செய்றா. பொம்பளைக்கு இதெல்லாம் ஒரு சிரமமா?"

குறித்துக்கொண்டேன். கேள்வி தெளிவாக இருக்கிறது, பதில் தயக்கமின்றி வருகிறது. சோதனை திருப்தி.

ஜூன் 11

கானா நாட்டுக் குழுவின் தலைவி அபேனாவிடமிருந்து மின்னஞ்சல். வந்த கதைகளிலேயே என்னுடையதுதான் உயிருள்ள மனுஷி மாதிரி இருக்கிறதாம். யாரை மனதில் வைத்து எழுதினீர்கள் என்று கேட்டிருந்தார். கற்பனை என்று பதில் போட்டேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

திலகாவின் மெட்டி விரலை இறுக்கிவிட்டது. சோப்பு போட்டும் வரவில்லை. விரலைச் சுற்றி நூலை நெருக்கமாகச் சுற்றி மெல்ல மெல்லக் கழற்றினேன். உப்பு ஜாஸ்தியாகிவிட்டது, அதனால்தான் வீக்கம் என்றாள். நூல் முறை நன்றாக வேலை செய்கிறது.

ஜூன் 19

தண்ணீர் லாரி மூன்றாம் மாடிக்குக் குழாய் போட மறுத்துவிட்டது. குடங்களை நானே தூக்கினேன். முன்பெல்லாம் திலகா தூக்குவாள்.

ஜூலை 2

களப்பணியாளர்களுக்குப் பயிற்சி. மேற்பார்வையாளராக ஜோஸ்பின் என்ற பெண் வந்திருக்கிறார். கெட்டிக்காரர், கேள்வி அதிகம் கேட்கிறார். கமலா இப்போது மருந்து சாப்பிடுகிறாரா இல்லையா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றார். கதையைத் திரும்ப வாசியுங்கள், ஒரு வார்த்தை கூட்டாதீர்கள் என்றேன். விதி அது.

ஜூலை 8

திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு கிராமம். களப்பணியைப் பார்வையிடப் போனேன். அஞ்சலை என்ற பெண், ஐம்பது வயதிருக்கும், கரும்புத் தோகையைக் கட்டி வைத்துவிட்டு வந்து நின்றார். ஜோஸ்பின் கமலாவின் கதையை வாசித்தார். அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்ததால் நான்தான் பொறுப்பு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"அது வூட்டுக்காரன் என்னா பண்றான்?"

கணவரைப் பற்றிக் கதையில் எதுவும் இல்லை என்றேன்.

"எதுவும் இல்லன்னா? பக்கத்துல படுக்குறவனுக்கு ரெண்டு தலகாணி வச்சிருக்குறது தெரியாதா?"

ஜோஸ்பின் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் விதிப்படி கேள்வியை மறுபடி வாசிக்கச் சொன்னேன். அஞ்சலை யோசித்துவிட்டு, "கொஞ்சம்னு எழுதிக்க. எங்களுக்கெல்லாம் இது சகஜந்தான்" என்றார். அவரும் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கித்தான் நின்றிருந்தார். தன்னைப் பற்றிக் கேட்டதற்குச் சிரமமே இல்லை என்று சொல்லியிருந்தார்.

திரும்பும் வழியில் பேருந்தில் நல்ல தூக்கம்.

ஜூலை 9

வேடிக்கையாக இருக்கிறது. அபேனா எழுதுகிறார்: அங்கேயும் மதிப்பிடச் சொன்னால் சிலர் மதிப்பிடாமல் இந்தப் பெண்ணை ஏன் யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை என்று சண்டைக்கு வருகிறார்களாம். "மருத்துவரிடம் காட்டியாகிவிட்டது" என்று ஒரு வரி சேர்த்தால் வேலை சுலபமாகும், சேர்க்கலாமா என்று கேட்கிறார்.

கூடாது என்று எழுதினேன். நாம் கேட்பது மதிப்பீடு, யோசனை இல்லை.

ஜூலை 14

கோயம்புத்தூரிலிருந்து மகள் செண்பகம் பேசினாள். அம்மா போனில் பேசும்போது ஏன் இரைக்கிறது என்று கேட்டாள். அடுக்களையிலிருந்து போனை எடுக்க வேகமாக வந்தாள், அதனால் என்றேன். அடுக்களைக்கும் கூடத்துக்கும் தூரம் எவ்வளவு என்று அவளுக்கும் தெரியும். மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜூலை 25

முதல் கட்டக் கணக்கு வந்துவிட்டது. ஐந்து நாடுகளில் கமலாவின் சிரமத்தை மிகக் குறைவாக மதிப்பிட்டவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். மற்ற இடங்களில் "அதிகம்" என்கிறார்கள். நம்மவர்கள் "கொஞ்சம்", "சிரமமே இல்லை."

மேலோட்டமாகப் பார்த்தால் நம் பெண்கள்தான் ஐந்து நாட்டிலும் ஆரோக்கியமானவர்கள். திருத்திப் பார்த்தால் வரிசை தலைகீழ். மைய இயக்குநருக்குப் புரியவில்லை. அவருக்காகக் குறிப்பு எழுதினேன். அதை இங்கேயும் வைக்கிறேன், நன்றாக வந்திருக்கிறது:

"கமலாவுக்குச் சிரமமே இல்லை என்று சொல்லும் ஒருத்தி, தனக்கும் சிரமமே இல்லை என்று சொல்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் சொல்லும் 'சிரமமே இல்லை'க்குள் மூச்சிரைப்பும் வீங்கிய பாதமும் இரண்டு தலையணையும் அடங்கியிருக்கின்றன. ஆகவே அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது."

இயக்குநர் பாராட்டினார். வீட்டுக்கு வந்தால் தயிர்சாதமும் ஊறுகாயும். திலகா நேரத்தோடு படுத்துவிட்டாள். என் தலையணையையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு இப்போது மூன்று. நான் ஒரு போர்வையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டேன். பரவாயில்லை.

ஆகஸ்ட் 4

மோசமான நாள். ஓர் ஒன்றியத்தில் நடந்த நேர்காணல்களில் பெண்களுக்குக் கமலாவுக்குப் பதில் சேகரின் கதை போயிருக்கிறது. ஜோஸ்பின் கண்டுபிடித்தார்.

காரணம் நான்தான். எந்தப் பெயர் வர வேண்டும் என்பதற்கு நிரலாளருக்கு நான் எழுதிக்கொடுத்த குறிப்பில், "பதில் சொல்பவர் ஆணா பெண்ணா என்று பார்க்கவும்" என்பதற்குப் பதிலாக "குடும்பத் தலைவர் ஆணா பெண்ணா என்று பார்க்கவும்" என்று எழுதியிருக்கிறேன். அரசுப் படிவங்களில் காலமெல்லாம் எழுதிய பழக்கம், கை தானாகப் போட்டுவிட்டது. தலைவர் ஆண் என்றால் அந்த வீட்டில் யார் பதில் சொன்னாலும் சேகர். பயிற்சியின்போதே தவறைத் திருத்திவிட்டோம். ஆனால் அந்த ஒன்றியத்துக்குப் போன டேப்லெட்டுகளில் பழைய பதிப்பே இருந்திருக்கிறது.

அத்தனையையும் நீக்கிவிடச் சொன்னேன். ஜோஸ்பின் தயங்கினார். "சார், தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாத்துடுங்களேன்."

பார்த்தேன். சேகரின் கதையைக் கேட்ட பெண்களில் பெரும்பாலோர் "அதிகம்", "மிக அதிகம்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 5

நம்பாமல் மறுபடி போட்டேன். வயதைச் சமப்படுத்தினேன், படிப்பைச் சமப்படுத்தினேன், பக்கத்து ஒன்றியத்தோடு வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் அப்படியே நிற்கிறது. அதே மாதிரிப் பெண்கள்தான். அதே மூச்சு, அதே மாடிப்படி, அதே வீக்கம். சேகர் என்றால் அதிகம். கமலா என்றால் கொஞ்சம்.

இதுவரை நாட்டுக்கும் நாட்டுக்கும்தான் அளவுகோல் வேறு என்று நினைத்திருந்தேன். ஒரே பெண்ணின் கையில் இரண்டு அளவுகோல் இருக்கிறது. ஆணுக்கு ஒன்று, தனக்கு ஒன்று.

பிழையாக வந்த இந்தத் தரவுதான் என் அனுபவத்திலேயே மிக நல்ல தரவு. இதைச் சொல்லி ஜோஸ்பினிடம் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திலகா அதைப் பார்த்துவிட்டு உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பார்த்தவள் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

ஆகஸ்ட் 6

விடுப்பு போட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து, அலுவலகக் கதை ஒன்று சொல்கிறேன், மதிப்பிட வேண்டும் என்றேன். சேகர் என்று ஒருவர் என்று ஆரம்பித்தேன். கடைத்தெரு, மாடிப்படி, பாதம், தலையணை. எதையும் மாற்றவில்லை.

துணியைக் கீழே வைத்துவிட்டாள். "யாருங்க அது? உங்க ஆபீஸா? இது நெஞ்சுங்க. எங்க பெரிப்பாவுக்கு இப்படித்தான் இருந்துச்சு. அவர் பொண்டாட்டிகிட்ட சொல்லி இன்னிக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

"எவ்வளவு சிரமம்?"

"மிக அதிகம்னு போடுங்க. என்ன கேள்வி இது?"

அன்றைக்குக் கமலாவுக்கு மட்டும் சிரமமே இல்லை என்று சொன்னாயே, அதே கதைதானே என்று கேட்டேன். ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தாள்.

"அது நான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். "நீங்க படிக்கப் படிக்கத் தெரிஞ்சுது. பரவாயில்ல, மனுஷன் பாத்துட்டுத்தான் இருக்காருன்னு நெனச்சேன். சிரமமே இல்லன்னு சொன்னா, 'இல்ல திலகா, இருக்கு'ன்னு சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க எழுதிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள், உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல. அந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் கற்பனை என்று சொன்னேன், எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன். என்னை எண்ணி எனக்கே அருவருப்பாக இருந்தது.

புறப்படு என்றேன். எனக்கு ஒன்றும் இல்லை, நாளைக்குப் போகலாம் என்றாள். இல்லை திலகா, இருக்கிறது என்றேன். இரண்டு மாதம் கழித்துச் சொன்னேன். சேலை மாற்றிக்கொள்ள உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 7

நேற்றே சேர்த்துவிட்டார்கள். மூன்று மாடி இறங்குவதற்குள் ஆட்டோக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. எவ்வளவு நாளாக இருக்கிறது என்று திலகாவைக் கேட்டார். "இப்பதான் டாக்டர், ஒரு மாசமா" என்றாள். இல்லை, பொங்கலிலிருந்து என்று நான் சொன்னேன். பிறகு எல்லாக் கேள்வியும் என்னிடம் வந்தது. முதலில் படி ஏறும்போதுதான், சித்திரை வாக்கில் சமதரையிலும். வீக்கம் முதலில் இடது பாதத்தில், பிறகு இரண்டிலும், ஜூனில் மெட்டி இறுகியது. இரண்டாவது தலையணை மாசியில், மூன்றாவது போன மாதம். இருமல் உண்டு, படுத்தால்தான் வரும். துணி துவைப்பதை விட்டது, தண்ணீர் தூக்குவதை விட்டது, உட்கார்ந்து சமைப்பது என ஒவ்வொன்றும் எப்போது தொடங்கியது என்று கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு கேள்விக்கும் தெரியாது என்று சொல்லவில்லை. யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

மருத்துவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நோயாளியோட வீட்டுக்காரங்க இவ்வளவு தெளிவா சொல்லி நான் கேட்டதே இல்ல சார். ரொம்ப உதவியா இருக்கு."

திலகா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலு பாதியாகக் குறைந்திருக்கிறதாம். மருந்தில் நிறுத்திவைக்கலாம், போனதில் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது, சீக்கிரம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். எவ்வளவு சீக்கிரம் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 8

நீர் இறங்க ஊசி போட்டிருக்கிறார்கள். பாதத்தில் எலும்பு தெரிகிறது. செண்பகம் வந்துவிட்டாள். என்னிடம் பேசவில்லை. ஜோஸ்பின் போன் செய்தார், அந்த ஒன்றியத்துத் தரவை வைத்துக்கொள்வதா நீக்குவதா என்று கேட்டார். உங்கள் முடிவு என்றேன். எனக்கு அதில் இப்போது அக்கறை இல்லை.

ஆகஸ்ட் 10

காலையில் சிஸ்டர் வந்து, "எப்படி இருக்கீங்கம்மா, மூச்சு விட சிரமம் இருக்கா?" என்று கேட்டார். கையில் அட்டை இருந்தது. அவர் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் கேட்பாரோ, குரலில் அவசரம் தெரிந்தது.

திலகா வழக்கம்போல, "அதெல்லாம் ஒண்ணும்" என்று ஆரம்பித்தாள். நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் அவள் கையைப் பிடித்தபடி நின்றிருந்தேன். அவளுக்குப் பதிலாக நான் சொல்லவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு சிஸ்டரைப் பார்த்தாள்.

"கஷ்டமா இருக்கு சிஸ்டர்" என்றாள். "ரொம்ப நாளா கஷ்டமாத்தான் இருக்கு."

சிஸ்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் அங்கேயே நின்று அழுதேன். திலகா பிடித்த கையை விடவில்லை.